எட்டுக் கம்பிகளும் ஒரு விதியும்

மின்னழுத்தம் = மின்னோட்டம் × மின்தடை. பள்ளி மாணவர் எவரும் இதனைத் தூக்கத்திலும் சொல்வர். மூன்று அளவுகளில் இரண்டு தெரிந்தால் மூன்றாவதைக் கண்டுவிடலாம். தேர்வில் இரண்டு மதிப்பெண் உறுதி. இதைக் காண ஒருவர் ஆண்டுக்கணக்கில் உழைத்தார் என்றும், கண்டு வெளியிட்ட பின் ஐந்தாண்டுக் காலம் நிலையான பணியின்றி வாழ்ந்தார் என்றும் சொன்னால், "இந்த எளிய கணக்குக்காகவா?" என்று நீங்கள் கேட்கக்கூடும்.

கேள்வி நியாயமானதே. ஆனால் ஜார்ஜ் சைமன் ஓம் முதன்முதலில் எழுதிய சமன்பாடு இந்த வடிவில் இல்லை. அதில் இன்னோர் உறுப்பும் இருந்தது. நாம் பெரும்பாலும் அதைக் கவனியாமல் தாண்டிப் போய்விடுகிறோம். நெடுந்தூரத்துக்குத் தந்தி அனுப்ப முடியுமா, வீட்டுக்கு வீடு மின்விளக்கு எரிய முடியுமா என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை அந்த உறுப்பில்தான் அடங்கியிருந்தது. அதன் வரலாற்றை இங்கே காண்போம்.

அளக்கக் கருவி இல்லாத காலம்

1800-ஆம் ஆண்டில் இத்தாலிய அறிஞர் வோல்ட்டா, துத்தநாகத் தகட்டையும் வெள்ளித் தகட்டையும் மாற்றி மாற்றி அடுக்கி, இடையே உப்புநீரில் நனைத்த அட்டைகளை வைத்து, தொடர்ந்து மின்சாரம் தரும் அடுக்கை அமைத்தார். மின்னோட்டம் கிடைத்துவிட்டது. ஆனால் அது எவ்வளவு என்று அளப்பது எப்படி?

இங்கிலாந்தில் ஹென்றி கேவண்டிஷ் என்ற அறிஞர், வோல்ட்டாவின் அடுக்கு தோன்றுவதற்கு முன்பே ஒரு வழி கண்டிருந்தார். கண்ணாடிக் குழாய்களில் உப்புக் கரைசலை நிரப்பி, அவற்றின் வழியாக மின்சேமிப்பு ஜாடிகளின் மின்சாரத்தைத் தம் உடலில் பாய்ச்சிக்கொள்வார். அதிர்ச்சி விரலோடு நின்றதா, மணிக்கட்டை எட்டியதா, முழங்கைவரை ஏறியதா என்று கவனித்துக் கரைசல்களின் தடையை ஒப்பிடுவார். அவர் உடலே அவருக்கு மின்னோட்டமானி! 1781-இல் அவர் கண்ட முடிவுகள் பிற்கால ஓம் விதிக்கு வெகு அருகில் இருந்தன. ஆனால் அவர் அவற்றை வெளியிடவில்லை. அவர் இறந்து 69 ஆண்டுகளுக்குப் பின், 1879-இல், மாக்ஸ்வெல் அந்தக் குறிப்புகளைப் பதிப்பித்தபோதுதான் உலகம் அவற்றை அறிந்தது.

1820-இல் டென்மார்க்கின் எர்ஸ்டெட், மின்னோட்டம் பாயும் கம்பி காந்த ஊசியைத் திருப்புகிறது என்று காட்டினார். இதன்பின் உடலை வருத்தத் தேவையில்லாமல் போயிற்று. ஊசி எவ்வளவு திரும்புகிறது என்று பார்த்தால் போதும். அதே ஆண்டில் பிரான்சின் ஆம்பியர், மின் அழுத்தம் வேறு, மின்னோட்டம் வேறு என்று பிரித்துக் காட்டினார். எனினும் இவ்விரண்டுக்கும் உள்ள உறவு தெரியவில்லை. சுற்றை மூடி மின்னோட்டம் பாயத் தொடங்கியதும் அழுத்தம் மறைந்துவிடும் என்ற எண்ணமே பரவியிருந்தது.

200 அடியில் நின்ற தந்தி

எர்ஸ்டெட்டின் கண்டுபிடிப்பைக் கேட்டவுடனே பலருக்கும் ஓர் ஆசை பிறந்தது. நீண்ட கம்பியின் ஒரு முனையில் மின்கலத்தை இணைத்தால் மறுமுனையில் ஊசி அசையும். அந்த அசைவைக் கொண்டு செய்தி அனுப்பலாமே! இங்கிலாந்தில் ஊல்விச் இராணுவக் கல்விக்கூடத்தின் கணித ஆசிரியர் பீட்டர் பார்லோ இதைச் சோதித்தார். கம்பியின் நீளம் கூடக்கூட ஊசியின் அசைவு விரைந்து குறைந்தது. 200 அடிக் கம்பியிலேயே வெகுவாகத் தேய்ந்துவிட்டது. இது நடைமுறைக்கு ஒவ்வாத திட்டம் என்று 1825-இல் அவர் எழுதினார்.

பார்லோ பொய் சொல்லவில்லை. அவருடைய அளவீடும் தவறன்று. ஆனால் முடிவு தவறு! இது எப்படி? இதற்கு விடை காண நாம் ஜெர்மனிக்குச் செல்ல வேண்டும்.

பூட்டுத் தொழிலாளியின் மகன்

ஜார்ஜ் சைமன் ஓம் 1789-ஆம் ஆண்டு மார்ச் 16-ஆம் நாள் எர்லாங்கன் நகரில் பிறந்தார். தந்தை பூட்டுத் தொழிலாளி. பள்ளியில் அதிகம் பயிலாத அவர், தாமாகவே கணிதமும் அறிவியலும் கற்று, அவற்றைத் தம் பிள்ளைகளுக்கும் கற்பித்தார். இளைய மகன் மார்ட்டின் பின்னாளில் கணித அறிஞரானார். மூத்தவர் ஜார்ஜ் தந்தையிடம் கணிதத்தோடு உலோக வேலையின் நுட்பத்தையும் பெற்றார். கருவிகளைத் தாமே அமைத்துக்கொள்ளும் அந்தத் திறமை பின்னர் அவருக்குப் பெரிதும் கைகொடுத்தது.

1811-இல் முனைவர் பட்டம் பெற்றும் பல்கலைக்கழகத்தில் முன்னேற வழி தெரியவில்லை. பள்ளி ஆசிரியரானார். 1817-இல் கொலோன் நகரின் உயர்நிலைப் பள்ளியில் கணிதமும் இயற்பியலும் கற்பிக்கும் பணி கிடைத்தது. அப்பள்ளியில் நல்ல ஆய்வுக்கூடம் இருந்தது. எர்ஸ்டெட்டின் செய்தி வந்தபின், பள்ளி வேலை போக எஞ்சிய நேரத்தில் ஓம் தம் ஆய்வைத் தொடங்கினார். அவர் எடுத்துக்கொண்ட கேள்வி இதுதான்: கம்பியின் நீளத்துக்கும் காந்த ஊசியின் மீது ஏற்படும் விளைவுக்கும் உள்ள சரியான கணக்கு என்ன?

1825-இல் அவர் வெளியிட்ட முதல் கட்டுரையில் கண்ட சூத்திரம் சரியாக அமையவில்லை. குற்றம் மின்கலத்தில் இருந்தது. அக்கால மின்கலத்தில் மின்னோட்டம் பாயப் பாய, தகட்டின்மீது ஹைட்ரஜன் குமிழ்கள் படிந்து அதன் ஆற்றல் குறைந்துகொண்டே போகும். ஒரு கம்பியை அளந்துவிட்டு அடுத்த கம்பியை இணைப்பதற்குள் மின்கலமே மாறிவிடும். நீட்டி நீட்டிச் சுருங்கும் ரப்பர் நாடாவால் துணியை அளப்பது போன்ற நிலை அது.

அறிவியல் இதழ் ஒன்றின் ஆசிரியரான பொகண்டார்ஃப் ஒரு வழி கூறினார். வேறுபட்ட இரண்டு உலோகங்களை இரு முனைகளிலும் இணைத்து, ஓர் இணைப்பைச் சூடாகவும் மற்றதைக் குளிர்ச்சியாகவும் வைத்தால் மின்னோட்டம் உண்டாகும் என்று 1821-இல் சீபெக் கண்டிருந்தார். வெப்பநிலை மாறாத வரை அந்த மின்மூலமும் மாறாது. இதனைப் பயன்படுத்தலாமே என்றார் பொகண்டார்ஃப்.

எட்டுக் கம்பிகள்

1826 ஜனவரியில் ஓம் புதிய கருவியை அமைத்தார். பிஸ்மத் துண்டு ஒன்றின் இரு முனைகளிலும் செம்பு இணைக்கப்பட்டது. ஓர் இணைப்பு கொதிநீரில், மற்றொன்று பனிக்கட்டியில். கொதிநீரும் உருகும் பனிக்கட்டியும் தம் வெப்பநிலையில் மாறாமல் நிற்பவை. எனவே மின்மூலமும் நிலையாக நின்றது. ஒரே பருமனுள்ள எட்டுச் செப்புக் கம்பிகளை எடுத்துக்கொண்டார். அவற்றின் நீளங்கள் 2, 4, 6, 10, 18, 34, 66, 130 அங்குலங்கள். ஒவ்வொன்றாகச் சுற்றில் இணைத்து, தொங்கவிடப்பட்ட காந்த ஊசியைப் பழைய நிலைக்குக் கொண்டுவர எவ்வளவு முறுக்க வேண்டியிருந்தது என்று குறித்துக்கொண்டார். முறுக்கு அதிகம் தேவைப்பட்டால் மின்னோட்டம் அதிகம் என்று பொருள்.

அவர் கண்ட அளவுகள் சில: 2 அங்குலக் கம்பிக்கு 326¾, 10 அங்குலத்துக்கு 238¼, 34 அங்குலத்துக்கு 134½, 130 அங்குலத்துக்கு 48½.

இந்த எண்களைச் சற்று உற்றுப் பாருங்கள். கம்பியின் நீளம் 2-இலிருந்து 10 அங்குலமாக ஐந்து மடங்கு கூடியது. மின்னோட்டம் ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்ததா? இல்லை, நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகத்தான் குறைந்தது. நீளத்துக்கு எதிர்விகிதத்தில் மின்னோட்டம் இருக்கும் என்று எண்ணிய ஒருவர் இதைக் கண்டு சோர்ந்திருப்பார். ஓம் சோர்ந்துவிடவில்லை. எல்லா அளவுகளும் பொருந்தும் சூத்திரம் ஒன்றைக் கண்டார்:

விளைவு = அ ÷ (இ + கம்பியின் நீளம்)

இதில் 'அ' என்பது 7285. 'இ' என்பது 20¼. நீங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். 10 அங்குலக் கம்பிக்கு 7285-ஐ 30¼-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 240¾ வரும், அளந்தது 238¼. 130 அங்குலத்துக்கு 150¼-ஆல் வகுத்தால் 48½, அளந்ததும் அதுவே!

'இ' என்ற இந்த உறுப்பு எதைக் குறிக்கிறது? சோதனைக் கம்பி மட்டுமே சுற்று அன்று. பிஸ்மத் துண்டு, அதனோடு சேர்ந்த செம்பு, இணைப்புகள் ஆகிய அனைத்தின் வழியாகவும் அதே மின்னோட்டம் பாய்கிறது. அவையனைத்தும் சேர்ந்து 20¼ அங்குலச் செப்புக் கம்பிக்கு இணையாகத் தடை செய்கின்றன. ஓம் வெப்பநிலை வேறுபாட்டைக் குறைத்து மீண்டும் அளந்தார். 'அ' குறைந்தது, 'இ' மாறவில்லை. ஆகவே 'அ' என்பது மின்னோட்டத்தை உந்தும் விசை. 'இ' என்பது சுற்றின் மற்றப் பகுதிகளின் தடை. இரண்டும் வெவ்வேறு.

ஓம் கண்ட பேருண்மை இதுவே. மின்னோட்டத்தை முடிவுசெய்வது கம்பி மட்டும் அன்று. மின்கலம் மட்டும் அன்று. சுற்று முழுவதும் ஒன்று. மின்சாரத்தை ஈனும் மூலமும் அந்தச் சுற்றில் ஒரு தடையே.

நூல் வந்தது, பதவி வரவில்லை

பல்கலைக்கழகப் பணி கிடைக்கும் என்ற நம்பிக்கையோடு ஓம் பாதிச் சம்பளத்தில் விடுப்பு எடுத்துக்கொண்டு பெர்லினுக்குச் சென்றார். 1827-இல் மின்சுற்றைப் பற்றிய தம் நூலை அங்கே வெளியிட்டார். ஆனால் தம் சோதனைகளை அதில் அவர் முன்னிறுத்தவில்லை. வெப்பம் பரவுவதைப் பற்றி 1822-இல் பிரெஞ்சு அறிஞர் ஃபூரியே எழுதிய கணித முறையைப் பின்பற்றி, வெப்பநிலை வேறுபாட்டால் வெப்பம் பாய்வதுபோல் மின்னழுத்த வேறுபாட்டால் மின்சாரம் பாய்கிறது என்று கணித வழியில் நிறுவினார்.

அக்கால ஜெர்மானிய இயற்பியலறிஞர் பலர் இத்தகைய கணித நடைக்குப் பழகாதவர்கள். நூல் கடுமையான மறுப்புரைகளையும் சந்தித்தது. எதிர்பார்த்த பதவி வரவில்லை. மனமுடைந்த ஓம் கொலோன் பணியையும் 1828-இல் துறந்தார். பெர்லினில் சிறு சிறு ஆசிரிய வேலைகளில் காலம் கழிந்தது. 1833-இல்தான் நியூரம்பர்க் தொழில்நுட்பப் பள்ளியில் நிலையான பணி கிடைத்தது.

இதற்கிடையே, ஓமின் நூலை அறியாத ஒருவர் அமெரிக்காவில் அதே உண்மையை வேறு வழியில் தொட்டார். ஆல்பனி நகரக் கல்விக்கூடத்தில் ஆசிரியராக இருந்த ஜோசப் ஹென்றி, 1,060 அடி நீளமுள்ள மெல்லிய செப்புக் கம்பியின் மறுமுனையில் மின்காந்தத்தை இணைத்துச் சோதித்தார். ஒரே ஒரு பெரிய மின்கலத்தை இணைத்தபோது காந்தம் மிகவும் வலுவிழந்தது. 25 மின்கலங்களைத் தொடராக இணைத்தபோதோ, கம்பி இருப்பதே தெரியாதவாறு காந்தம் வேலை செய்தது! 1831-இல் இதை வெளியிட்ட அவர், பார்லோவின் தந்தித் திட்டம் கைகூடும் என்பதையும் அதில் சுட்டிக்காட்டினார். பின்னர் ஒரு மைலுக்கும் மேற்பட்ட கம்பியின் மறுமுனையில் மணி அடித்தும் காட்டினார்.

ஹென்றி செய்துகாட்டியதற்கு ஓமின் சமன்பாடு விளக்கம் தருகிறது. கணக்கு எளிதாக இருக்க, நாமே சில எண்களை எடுத்துக்கொள்வோம். ஒரு மின்கலம் 1 வோல்ட் தருகிறது; அதன் உள்தடையும் மின்காந்தச் சுருளின் தடையும் சேர்ந்து 0.1 ஓம். மின்னோட்டம் 10 ஆம்பியர். இப்போது 10 ஓம் தடையுள்ள நீண்ட கம்பியைச் சேர்க்கிறோம். மொத்தத் தடை 10.1 ஓம்; மின்னோட்டம் 0.1 ஆம்பியருக்கும் குறைவு. நூறில் ஒரு பங்கே எஞ்சியது! பார்லோ கண்டது இத்தகைய நிலையையே.

அடுத்து, 25 மின்கலங்கள் தொடராக: 25 வோல்ட். பல சுற்றுகள் கொண்ட மெல்லிய கம்பிச் சுருளையும் சேர்த்து உள்ளே 50 ஓம் என்போம். மின்னோட்டம் 0.5 ஆம்பியர். அதே 10 ஓம் கம்பியைச் சேர்த்தால் 25-ஐ 60-ஆல் வகுக்க 0.42 ஆம்பியர். ஆறில் ஒரு பங்கே குறைந்தது! மின்னோட்டம் சிறிதாயினும், சுருளின் பல சுற்றுகள் அந்தக் குறையை ஈடுசெய்துவிடும். ஆக, கம்பி நீளமானதா என்பது கேள்வியன்று. சுற்றின் மற்றப் பகுதிகளோடு ஒப்பிட அது பெரிதா என்பதே கேள்வி.

மெல்ல மெல்ல உலகம் ஓமின் பக்கம் திரும்பியது. ஜெர்மனியில் ஃபெக்னர் 1831-இல் சோதனைகளால் அவ்விதியை உறுதிசெய்தார். 1841-இல் நூல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. அதே ஆண்டில் இலண்டன் ராயல் கழகம் அதன் உயரிய விருதான கோப்ளி பதக்கத்தை ஓமுக்கு வழங்கியது. தந்தி அமைப்பாளரான வீட்ஸ்டன் 1843-இல் தம் சொற்பொழிவில் ஓம் விதியை ஆங்கில அறிஞர்களுக்கு விளக்கினார். ஓம் இளமை முதல் விரும்பிய முழுப் பேராசிரியர் பதவி மியூனிக் பல்கலைக்கழகத்தில் 1852-இல்தான் வந்தது. 1854 ஜூலை 6-ஆம் நாள் அவர் மறைந்தார்.

ஜூல் அளந்த வெப்பம்

தடையைத் தாண்டிப் பாயும் மின்னோட்டம் ஆற்றலை எங்கே செலவழிக்கிறது? இதனை ஆராய்ந்தவர் இங்கிலாந்தில் சால்ஃபோர்டு நகரின் பீர் ஆலை உரிமையாளரின் மகன் ஜேம்ஸ் ஜூல். நீராவி எந்திரத்துக்குப் பதில் மின்மோட்டாரைப் பயன்படுத்தலாமா என்று பார்ப்பது அவர் நோக்கம். கம்பியைச் சுருளாகச் சுற்றி நீரில் அமிழ்த்தி, நீர் எவ்வளவு சூடாகிறது என்று வெப்பமானியால் அளந்தார். 22 வயதுகூட நிரம்பாத அவர் 1840 டிசம்பரில் அறிவித்த முடிவு: உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கும் கம்பியின் தடைக்கும் நேர்விகிதத்தில் இருக்கும்.

'இருமடி' என்ற சொல்லை நினைவில் வையுங்கள். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்கு. பத்து மடங்கானால் நூறு மடங்கு. ஜூலின் விதியையும் ஓமின் விதியையும் இணைத்தால் நமக்குக் கிடைப்பதே மின்திறன் = மின்னழுத்தம் × மின்னோட்டம் என்ற சூத்திரம்.

எடிசனின் செப்புக் கணக்கு

1870-களின் இறுதியில் தெருக்களில் வில்விளக்குகள் கண்ணைப் பறித்தன. அவை வீட்டுக்கு உதவாதவை. அந்தப் பேரொளியைச் சிறு சிறு விளக்குகளாகப் பிரிக்க முடியுமா? பிரித்தால் ஒளி பயனற்ற அளவுக்குத் தேய்ந்துவிடும் என்று 1879-இல் பிரிட்டிஷ் பொறியியலறிஞர் பிரீஸ் கணக்கிட்டுக் காட்டினார். அவர் துணைக்கு அழைத்தவையும் ஓம், ஜூல் விதிகளே!

அமெரிக்காவில் எடிசனும், அவரிடம் பணியாற்றிய கணித வல்லுநர் அப்டனும் அதே விதிகளை வேறுவிதமாக நோக்கினர். விளக்குகளைப் பக்க இணைப்பில் இணைக்க வேண்டும். ஒன்றை அணைத்தால் மற்றவை எரிய வேண்டும் அல்லவா? ஒவ்வொரு விளக்குக்கும் 100 வாட் தேவை என்று வைத்துக்கொள்வோம். விளக்கின் தடை 1 ஓம் எனில் அதற்கு 10 ஆம்பியர் வேண்டும். 100 விளக்குகளுக்கு 1,000 ஆம்பியர். விளக்கின் தடை 100 ஓம் எனில் 1 ஆம்பியரே போதும். 100 விளக்குகளுக்கு 100 ஆம்பியர். ஒளி ஒன்றே, தெருவில் செல்லும் மின்னோட்டம் பத்தில் ஒன்று. எனவே ஜூல் விதிப்படி தெருக்கம்பியில் வீணாகும் வெப்பம் நூறில் ஒன்று! அன்றேல், அதே இழப்புக்கு நூறில் ஒரு பங்குப் பருமனுள்ள செப்புக்கம்பி போதும்.

ஓமின் 'இ' இங்கே தெருக்கம்பியாக வந்து நிற்கிறது. அது விளக்குகளின் தடைக்கு முன் சிறியதாக இருக்கவேண்டும். அதற்குச் செம்பைக் கொட்டுவது ஒரு வழி. விளக்கின் தடையை உயர்த்துவது மற்றொரு வழி. எடிசன் இரண்டாவது வழியைத் தேர்ந்தார். 1879 அக்டோபரில் கரியாக்கிய பருத்தி நூலை இழையாகக் கொண்ட விளக்கு எரிந்தது. 1882 செப்டம்பர் 4-ஆம் நாள் நியூயார்க்கின் பேர்ல் தெரு மின்நிலையத்திலிருந்து 110 வோல்ட் அழுத்தத்தில் வீடுகளுக்கும் கடைகளுக்கும் மின்சாரம் பாய்ந்தது. எடிசன் இழையைத் தேடி அலைந்த கதையை நீங்கள் கேட்டிருப்பீர்கள். எப்படிப்பட்ட இழையைத் தேடவேண்டும் என்று அவருக்குச் சொன்னது இந்தக் கணக்கே.

பெயர்கள் அலகுகளாயின

கம்பியும் விளக்கும் விற்பனைப் பொருள்களானபின், எல்லோருக்கும் பொதுவான அலகுகள் தேவைப்பட்டன. 1881-இல் பாரிஸில் கூடிய பன்னாட்டு மாநாடு ஓம், வோல்ட், ஆம்பியர் ஆகிய பெயர்களை ஏற்றது. திறனின் அலகுக்கு 'வாட்' என்ற பெயரை 1882-இல் வில்லியம் சீமன்ஸ் முன்மொழிந்தார். 1889-இல் அது ஏற்கப்பட்டது. முன்பு குறிப்பிட்ட நீளமுள்ள பாதரசத் தம்பத்தின் தடையே 'ஓம்' எனப்பட்டது. 1980-இல் ஜெர்மனியின் கிளிட்ஸிங் தடையோடு தொடர்புடைய குவாண்டம் விளைவு ஒன்றைக் கண்டார். 2019 மே 20 முதல் எலெக்ட்ரானின் மின்னூட்டம், பிளாங்க் மாறிலி ஆகிய இயற்கை மாறிலிகளைக் கொண்டே மின் அலகுகள் வரையறுக்கப்படுகின்றன. 1,000 வாட் திறன் ஒரு மணி நேரம் செலவானால் நம் மின்கட்டண அட்டையில் ஒரு 'யூனிட்' ஏறுகிறது.

ஓமின் 'இ' நம் வீட்டிலும் இருக்கிறது. தண்ணீர் இறைக்கும் மோட்டாரைப் போட்டவுடன் இழை விளக்கு ஒரு கணம் மங்குவதைக் கண்டிருக்கலாம். மோட்டார் இழுக்கும் பெரும் மின்னோட்டத்தால் வீட்டுக்கு வரும் கம்பியின் தடையிலேயே அழுத்தத்தில் ஒரு பகுதி செலவாகிவிடுவதே காரணம்.

இன்னொன்றை நீங்களே செய்து பார்க்கலாம். டார்ச் விளக்கை எரியச் செய்ய இயலாத பழைய மின்கலத்தை எடுத்து, பள்ளி ஆய்வுக்கூடத்து வோல்ட்மானியால் அளந்து பாருங்கள். பல வேளைகளில் அது 1.3 அல்லது 1.4 வோல்ட் காட்டும். "அழுத்தம் இருக்கிறதே, ஏன் எரியவில்லை?" என்று தோன்றும். வோல்ட்மானியின் தடை மிக அதிகம். அதன் வழியே மின்னோட்டம் பாய்வது அரிது. ஆகவே உள்தடை வெளியே தெரிவதில்லை. 5 ஓம் பல்பை இணைத்தவுடன் கணக்கு மாறுகிறது. பழைய மின்கலத்தின் உள்தடை 10 ஓம் ஆகிவிட்டது எனில், 1.4-ஐ 15-ஆல் வகுக்கவேண்டும். வருவது 0.1 ஆம்பியருக்கும் குறைவு. இழை சிவக்கவும் அது போதாது. மின்கலத்தை பல்போடு இணைத்தபடியே வோல்ட்மானியை மீண்டும் பாருங்கள். ஊசி கீழே இறங்கியிருக்கும். அது எவ்வளவு இறங்கியது என்பதிலிருந்து உங்கள் மின்கலத்தின் 'இ'-யை நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.